சர்க்கரை டப்பாவைத் திறக்காமலே...

கேள்வி: எனக்கு 46 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொன்னதால் மாவுச்சத்தைக் குறைத்து வருகிறேன். கடை கிரானோலாவை (ஓட்ஸ், பருப்பு, தேன் கலந்து மொறுமொறுப்பாகச் சுட்டது) நிறுத்திவிட்டு வீட்டிலேயே செய்கிறேன். 300 கிராம் ஓட்ஸ். பாதாம், தேன், உலர் திராட்சை தலா 100 கிராம். 2 மேசைக்கரண்டி எண்ணெய். சர்க்கரை துளிகூட கிடையாது. காலையில் ஒரு கிண்ணம், பாலோடு. ஆனாலும் சாப்பிட்ட பின் பார்க்கும் ரீடிங் இறங்கவே இல்லை. ஏன்? செய்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?
- ஒரு வாசகி

பதில்: சர்க்கரை டப்பாவை நீங்கள் திறக்கவில்லை, சரி. ஆனால் 100 கிராம் தேனில் 82 கிராம் மாவுச்சத்து, அத்தனையும் கிட்டத்தட்ட சர்க்கரையே. உலர் திராட்சையில் இன்னொரு 79. ஓட்ஸ் 200, பாதாம் 21. கூட்டினால் 380-ஐத் தாண்டுகிறது. உங்கள் கிண்ணத்தில் 100 கிராம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் (தராசில் வைத்துப் பாருங்கள், பிடிக்கும்) ஒரு வேளைக்கு 64 கிராம். ஒரு டம்ளர் பாலுக்கு இன்னொரு 10. ரீடிங் எப்படி இறங்கும்?

ஓட்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து குடலில் கூழாகி, சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. ஓட்ஸைக் குறைத்து, பருப்பையும் விதையையும் கூட்டுங்கள். என் கணக்கு இது: ஓட்ஸ், பாதாம், வால்நட், பூசணி விதை தலா 100 கிராம், இனிப்பில்லாத உலர் தேங்காய்த் துருவல், பொடித்த ஆளி விதை தலா 50 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தேன் ஒரே ஒரு மேசைக்கரண்டி. உலர் திராட்சைக்கு இடமில்லை.

தேனைக் குறைத்தால் கட்டி பிடிக்காதே என்பீர்கள். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலந்துவிடுங்கள், அது பிடித்துக்கொள்ளும். டிரேயில் பரப்பி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி, ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். வெளியே எடுக்கும்போது தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும், அதுவரை கிளறவும் கூடாது. தேன் குறைவு என்பதால் நிறமும் அவ்வளவாக ஏறாது. கரும்பழுப்பாகட்டும் என்று காத்திருந்தால் வால்நட் கசந்துவிடும்.

இதில் 40 கிராமுக்கு மாவுச்சத்து 11 கிராம்தான், அதிலும் 4 கிராம் நார்ச்சத்து. சந்தோஷப்படுவதற்கு முன் கலோரியையும் பாருங்கள்: அதே 40 கிராமில் 225 கலோரி! எடைக்கு எடை பார்த்தால் உங்கள் பழைய கலவையை விட இதில்தான் கலோரி அதிகம், எல்லாம் பருப்பு, விதைகளின் கொழுப்பு. ‘லோ கார்ப்’ (மாவுச்சத்து குறைவு) என்று பெயர் வைத்துக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டு எடை போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ஆகவே கிண்ணம் நிறைய இனிப்பில்லாத தயிர், மேலே தூவ மட்டும் கிரானோலா. என்னைக் கேட்டால், கிரானோலாவை முழுச் சாப்பாடாக நினைப்பதையே விட்டுவிடலாம்.

‘சுகர் ஃப்ரீ’ சிரப் வாங்கும் எண்ணம் இருந்தால் லேபிளைப் படியுங்கள். மால்டிடால் என்ற சர்க்கரை மாற்று இருந்தால் அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும்.

புதிய கலவையைச் சாப்பிடும் முன் ஒரு ரீடிங், முதல் வாய் எடுத்து 2 மணி நேரம் கழித்து ஒன்று. பழையதோடு ஒப்பிட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். இதைப் படிக்கிறவர்களில் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், மாவுச்சத்தை இப்படிச் சட்டென்று குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பழைய டோஸே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

எத்தனை நாள் தாங்கும் என்றால், நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். வால்நட்டும் ஆளி விதையும்தான் முதலில் சிக்கு அடிக்கும். பெயின்ட் மாதிரி வாசனை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.