யு.கே.ஜி. குழந்தைக்கு சைட் வேர்ட்ஸை விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

தினமும் பத்து முறை எழுதவைத்தும் மகளுக்கு ஆங்கிலச் சொற்கள் மறந்துபோகின்றன என்கிறீர்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு கை மட்டும்தான் எழுதும், கவனம் ஜன்னலுக்கு வெளியே போயிருக்கும்.

சைட் வேர்ட்ஸ் என்றால் பார்த்ததும் படித்துவிட வேண்டிய, அடிக்கடி வரும் சொற்கள். அமெரிக்கரான எட்வர்ட் டால்ச் 1936-இல் இப்படி 220 சொற்களைப் பட்டியலிட்டார். மொத்தத்தையும் மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். பல சொற்களை எழுத்துக்கூட்டியே படிக்கலாம்.

சிக்கலான ஒன்றை எடுப்போம்: 'செட்' (எஸ்-ஏ-ஐ-டி). முதலில் சொல்லைச் சொல்லி, ஒலிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். ஸ், எ, ட் என மூன்று கொட்டைகள். அவற்றின் கீழே எழுத்துகளை எழுதுங்கள். முதலும் கடைசியும் ஒலிப்படியே வந்துவிடும். வம்பு செய்வது நடுவிலுள்ள ஏ-ஐ மட்டும்தான். அதைச் சிவப்பு க்ரேயானில் எழுதுங்கள், நினைவில் வைக்க வேண்டியது அவ்வளவுதான். அப்புறம் தட்டில் ரவையைப் பரப்பி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். (ரவை சிந்தும். கீழே பழைய செய்தித்தாள் போட்டுக்கொள்ளுங்கள்.)

மாலையில் பாண்டிக் கட்டங்களில் சாக்பீஸால் அதே சொற்களை எழுதலாம். படித்தால்தான் அடுத்த கட்டத்துக்குத் தாவலாம்.

வாரத்துக்கு மூன்று, நான்கு சொல் போதும். 'வாஸ்' (டபிள்யூ-ஏ-எஸ்), 'சா' (எஸ்-ஏ-டபிள்யூ) இரண்டையும் மட்டும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். அதே மூன்று எழுத்துதான், திருப்பிப் போட்டது.