நியூமேட்டஃபோர்: எங்கே அழுத்துவது, எங்கே பிரிப்பது?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், அலையாத்தி மரங்களின் சுவாச வேரைக் குறிக்கும் 'நியூமேட்டஃபோர்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டுகிறாள். அதில் எத்தனை அசை, எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்? ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்தால் போதாதா?
- வாசகர் ஒருவர், கடலூர் முதுநகர்

பதில்: போதவே போதாது.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடுவோம். நியூ-மேட்-ட-ஃபோர், நான்கு அசை. அழுத்தம் 'மேட்'டில். முதல் அசையை அழுத்துவோரும் உண்டு, அதில் தவறில்லை. ஆங்கில எழுத்தில் (pneumatophore) முன்னால் நிற்கும் 'பி'க்கு ஒலி கிடையாது. நிமோனியாவிலும் அதே 'பி'தான். அங்கே அதை நாம் யாரும் உச்சரிப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: இது யாப்பிலக்கண அசை அல்ல. பிச்சாவரம் என்பது யாப்பில் பிச்/சா/வரம் என மூன்றசை. இந்தக் கணக்கில் பிச்-சா-வ-ரம், நான்கு.

ஓசைக்குப் பிரிக்கும் இடம் வேறு, பொருளுக்குப் பிரிக்கும் இடம் வேறு. உங்கள் மகளுக்கு அவசரமாக வேண்டியது பின்னது: நியூமேட்ட + ஃபோர். இரண்டும் கிரேக்க வேர்கள். 'நியூமா' என்றால் காற்று, மூச்சு. 'ஃபோர்' என்றால் சுமப்பது. நீர் வற்றிய நேரமாகப் பார்த்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப் போங்கள். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றில் பென்சில்களை நட்டதுபோல வேர்கள் வானம் பார்த்து நிற்கும். அந்தச் சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால்தான் வேர் மேலே எழுந்து, பட்டையில் உள்ள நுண்துளைகள் வழியே காற்றை வாங்கி அடியில் இருக்கும் வேர்களுக்கு அனுப்புகிறது. காற்றைச் சுமக்கும் வேர்! பக்கத்திலேயே சுரபுன்னை மரம், அறிவியல் பெயர் ரைசோஃபோரா. 'ரைசா' என்றால் வேர். தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டு வேர்களைப் பார்த்தால் பெயர்க் காரணம் கேட்கவே மாட்டாள். கணவாயின் தோலில் நிறம் மாற்றும் செல்கள் குரோமட்டோஃபோர். 'குரோமா' நிறம் என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவளே சொல்லிவிடுவாள்.

மனப்பாடம் காலை வாரும் இடமும் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கடலில் மிதந்து வந்து கொட்டும், ஜெல்லிமீன் போன்ற ஃபைசாலியா என்ற உயிரியின் காற்றுப் பைக்கும் விலங்கியலில் நியூமேட்டஃபோர் என்றுதான் பெயர். 'சுவாச வேர்' என்று உருப்போட்ட பிள்ளை, வேரே இல்லாத உயிரிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று அங்கே திணறும். சொல்லைப் பிரித்துப் படித்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்: காற்றைச் சுமக்கும் உறுப்பு.