ஆய்வு நிதியைக் கணக்கெடுப்பது ஒரு வேலையா? நாமக்கல் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. இருபது ஆண்டுகளாகக் கறிக்கோழிப் பண்ணை நடத்துபவரின் மகள், கோழியே இல்லாமல் கறி செய்யும் துறைக்குப் போகிறேன் என்கிறாரே என்பது முதலாவது. அதிலும் ஆய்வகத்தில் நின்று எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை, எந்த ஆய்வுக்கு யார் எவ்வளவு பணம் கொடுக்கிறார்கள் என்று பட்டியல் போடும் வேலையாம், இந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்கா நான்கு ஆண்டுகள் பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் படிக்க வைத்தேன் என்பது இரண்டாவது. முதலாவதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

விலங்கை வளர்த்து வெட்டாமல் பெறும் புரதத்தை மாற்றுப் புரதம் என்கிறார்கள். அது உங்கள் வீட்டுக்குப் புதிய பொருள் அன்று. உங்கள் தீவனத்தில் மக்காச்சோளத்தோடு சேரும் சோயாப் புண்ணாக்கும், உங்கள் வீட்டுக் குருமாவில் விழும் மீல் மேக்கரும் எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் அதே சோயாவிலிருந்து வருபவைதாம். பாசிப்பயற்றின் புரதத்தைக் கொண்டு முட்டைக்கு மாற்று ஒன்றை அமெரிக்காவில் பல ஆண்டுகளாக விற்று வருகிறார்கள். நுண்ணுயிர்களை நொதிக்கவைத்துப் பெறும் புரதமும், விலங்கின் செல்லைக் கலனில் வளர்த்துப் பெறும் இறைச்சியும் இதே குடும்பம். செல்லில் வளர்த்த இறைச்சியை 2013-ஆம் ஆண்டு நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் லண்டனில் ஒரே ஒரு பர்கராகச் சமைத்துக் காட்டியபோது அதற்கு ஆன செலவு சுமார் இரண்டரை லட்சம் யூரோ. அதை விற்க முதன்முதலில் அனுமதித்த நாடு சிங்கப்பூர், 2020 டிசம்பரில். விலை இன்னும் உங்கள் பண்ணைக் கோழியின் பக்கத்தில்கூட வரவில்லை. அதனால்தான் ஆய்வு தேவைப்படுகிறது, ஆய்வுக்குப் பணம் தேவைப்படுகிறது, அந்தப் பணம் சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்க்கவும் ஆள் தேவைப்படுகிறது.

இனி இரண்டாவது கவலை. இத்துறைக்குள் இரண்டு வகைப் பணம் வருகிறது. முதலீட்டாளர் ஒரு நிறுவனத்தில் போடும் பணத்தில் கண்டுபிடிக்கப்படுவது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சுவருக்குள்ளேயே நின்றுவிடும். அரசோ அறக்கட்டளையோ பல்கலைக்கழகத்துக்குத் தரும் ஆய்வு நிதியின் பலன் கட்டுரையாக வெளிவந்து எல்லோருக்கும் பயன்படும். முதலீட்டுப் பணம் 2021-இல் உச்சத்தைத் தொட்டு, பிறகு வேகமாக வற்றியது. அந்த நிலையில் பொது நிதியின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை 2021-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. நெதர்லாந்து 2022-இல் ஆறு கோடி யூரோ அறிவித்தது. நம் நாட்டில் 2019-இல் உயிரித் தொழில்நுட்பத் துறை, ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கும் (சி.சி.எம்.பி.) தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்துக்கும் சுமார் நாலரைக் கோடி ரூபாய் வழங்கியது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பயோ-ஈ3 என்ற உயிரித் தொழில்நுட்ப உற்பத்திக் கொள்கையின் ஆறு துறைகளில் ஒன்றாக ‘ஸ்மார்ட் புரதம்’ என்ற பெயரில் மாற்றுப் புரதமும் இடம்பெற்றது.

இப்படி மூன்று தொகைகளை எழுதிவிட்டால் கணக்கு முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் பெசோஸ் எர்த் ஃபண்ட் என்ற நிதியம் 2024 மார்ச்சில் மாற்றுப் புரத ஆய்வு மையங்களுக்காக ஆறு கோடி டாலர் தருவதாக அறிவித்தது. மே மாதம் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் தனக்கு மூன்று கோடி வந்ததாகச் சொன்னது. ஜூனில் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் மூன்று கோடி என்றது. செய்திகளை மட்டும் படித்துக் கூட்டுபவருக்குப் பன்னிரண்டு கோடி கிடைக்கும். ஆனால் பின்னால் வந்த இரண்டு தொகைகளும் முதலில் அறிவித்த ஆறு கோடிக்குள் அடங்கியவை. அறிவித்தது, ஒப்புதல் அளித்தது, விடுவித்தது, செலவானது என்ற நான்கும் வெவ்வேறு எண்கள். அவற்றை ஒரே நெடுவரிசையில் போட்டவர் எழுதும் அறிக்கையை நம்பி ஓர் அமைச்சகம் ‘இத்துறைக்குப் போதுமான பணம் போய்விட்டது’ என்று முடிவெடுத்தால், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் ஆய்வாளர் வெறுங்கையோடு திரும்புவார்.

பணத்தின் அளவு மட்டுமன்றி, எது மாற்றுப் புரதம் என்று தீர்மானிப்பதும் நிதியைக் கணக்கெடுப்பவரின் பொறுப்பு. ‘நுண்ணுயிர்ப் புரத உற்பத்தி’ என்று ஒரு திட்டத்தின் தலைப்பு இருக்கும். உள்ளே படித்தால் அது மீன் தீவனத்துக்கானது. ‘கொண்டைக்கடலைப் புரதத்தின் கரைதிறன்’ என்று இன்னொன்று இருக்கும். அதில் இறைச்சி என்ற சொல்லே வராது, ஆனால் தாவர இறைச்சி செய்பவருக்கு அதைவிடத் தேவையான ஆய்வு கிடையாது. இவற்றைப் பிரித்தறிய உணவு வேதியியல் தெரிய வேண்டும். உங்கள் மகளின் நான்கு ஆண்டுப் படிப்பு இந்த இடத்தில்தான் செலவாகிறது, வீணாகிறது என்று சொல்ல முடியாது.

பட்டியல் போட்ட பின் வருவது ஆதரிக்கும் வேலை. எதற்குப் பணம் குவிந்திருக்கிறது, எது அநாதையாகக் கிடக்கிறது என்று கண்டு, அதற்கேற்ப விண்ணப்ப அழைப்பை எழுதுவது, மதிப்பீட்டாளர்களைத் தேடுவது, நிதி பெற்றவர் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன முடித்தார் என்று பார்ப்பது ஆகியவை அதில் அடங்கும். சோயாவும் பட்டாணியும் நிறைய ஆராயப்பட்டிருக்கும்போது கொள்ளுக்கும் தட்டைப்பயற்றுக்கும் என்ன கிடைத்திருக்கிறது என்ற கேள்வியை நம் ஊர்ப் பெண் கேட்காமல் வேறு யார் கேட்பார்? தி குட் ஃபுட் இன்ஸ்டிடியூட் என்ற தொண்டு நிறுவனம் உலக அளவில் இந்த இரண்டையும் செய்கிறது: நிதியுதவிகளைத் தொகுத்து வெளியிடுகிறது, நன்கொடைப் பணத்தில் தானே ஆய்வு நிதியும் வழங்குகிறது. அதன் இந்தியக் கிளையும் இயங்குகிறது. இது தவிர, ஆய்வு நிறுவனங்களின் நிதி அலுவலகங்களிலும், டி.பி.டி. எனப்படும் உயிரித் தொழில்நுட்பத் துறை, அதன் கீழ் இயங்கும் பைராக் போன்ற அரசு அமைப்புகளிலும் இதே வேலை இருக்கிறது. ஆய்வு மேலாண்மையை ஒரு தனித் தொழிலாக வளர்க்கவென்றே, டி.பி.டி.யும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து உருவாக்கிய இந்தியா அலையன்ஸ் 2018-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே மாற்றுப் புரதம் நாளை மங்கினாலும் கற்ற தொழில் கையில் இருக்கும். மருந்து ஆய்வோ மண் ஆய்வோ, நிதியைப் படிக்கும் முறை ஒன்றுதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, உங்கள் பக்கம் ஓர் அடி வருகிறேன். பி.டெக். முடித்த கையோடு நேராக இந்த வேலைக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான் முன்பு செய்த ஒரு தவறும் இதற்குக் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரை நல்ல பெயருள்ள ஓர் ஆய்வகத்தில் சேரச் சொன்னேன். அந்தத் திட்டத்துக்கு மூன்று ஆண்டு நிதியில் பத்து மாதங்களே மிஞ்சியிருந்தன என்பதை நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த மாணவர் உதவித்தொகை நின்று ஊர் திரும்பினார். ஆய்வகத்துக்குள் இருப்பவர்களுக்கு இதெல்லாம் நாள்தோறும் பழகிய விஷயம்: முதல் தவணை செலவானதற்கு 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், அவர்கள் வாயில் வெறும் ‘யூ.சி.’, போகாவிட்டால் அடுத்த தவணை வராது. உபகரணத்துக்கென்று வந்த பணத்தில் சம்பளம் தர முடியாது. மார்ச் மாதம் நெருங்கினால் ரசாயனம் வாங்க எல்லோரும் ஓடுவார்கள். இதை நேரில் பார்க்காமல் மேசையில் அமர்ந்து நிதியை அளப்பவருக்கு எண்கள் தெரியும், அவற்றின் பின்னால் இருக்கும் தாமதம் தெரியாது.

எனவே என் யோசனை இது. இந்த ஆண்டு கேட் (GATE) தேர்வில் உயிர் அறிவியலுக்கான எக்ஸ்.எல். தாளை, உணவுத் தொழில்நுட்பப் பகுதியோடு சேர்த்து எழுதட்டும். அந்த மதிப்பெண் இருந்தால் எம்.டெக். சேரலாம், அரசு நிதித் திட்டங்களில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பிக்கவும் வழி திறக்கும். அதற்கு 2023-இல் நிர்ணயித்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்களான தஞ்சாவூர் நிஃப்டெம், மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. இரண்டோடு கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்கலாம். நேர்காணலுக்குப் போகும்போது ‘இந்தத் திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது, இதுவரை எத்தனை தவணை வந்திருக்கிறது’ என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். பெங்களூர் நிறுவனம் ஒன்று மகளுக்கு ஆறு மாதப் பயிற்சி தருவதாகச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், அதை மறுக்க வேண்டாம். தேர்வு முடிந்த பின் சேர முடியுமா என்று இப்போதே எழுதிக் கேட்கட்டும்.

அதுவரை வீட்டிலிருந்தே ஒரு வேலை. பொதுவெளியில் கிடைக்கும் இந்தியத் திட்டங்களில் நாற்பதை எடுத்து, தலைப்பு, நிதி தந்தவர், நிறுவனம், தொடக்கமும் முடிவும், தொகை, அந்தத் தொகை அறிவிப்பா ஒப்புதலா விடுவிப்பா, மாற்றுப் புரதம்தானா, ஆம் என்றால் ஏன் என்று நெடுவரிசைகள் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். கடைசி நெடுவரிசையில் அவர் எழுதும் ஒற்றை வரிக் காரணங்களைப் படித்தாலே இந்த வேலை அவருக்குப் பொருந்துமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் வரும்போது அந்தத் தாளோடு உங்கள் பண்ணை நோட்டையும் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் எத்தனை குஞ்சு இறங்கியது, எவ்வளவு தீவனம் போனது, எத்தனை கிலோ ஏறியது என்று நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள் அல்லவா? நெடுவரிசை போடுவது எப்படி என்று மகளுக்குக் காட்ட என்னிடம் அதைவிட நல்ல மாதிரி இல்லை.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்