வெள்ளத்தில் போன குத்துவிளக்கு

அன்புள்ள ஐயா,

லீவில் மகளை எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப்போனேன். அமராவதிச் சிற்பங்களில் ஒரு பகுதி லண்டனில் இருக்கிறது என்றதும், ‘திருடிட்டாங்களாப்பா?’ என்றாள். இங்கேயே கிடந்திருந்தால் சுண்ணாம்பாகியிருக்கும், வெள்ளைக்காரன் எடுத்துப்போனதால்தான் மிஞ்சியது என்று சொல்லிவிட்டேன். சரிதானா?

வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. அமராவதியில் இருந்த பௌத்த ஸ்தூபியில் முதலில் கைவைத்தது வெள்ளைக்காரர் இல்லை, உள்ளூர் ஜமீன்தார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், தன் புது ஊருக்குக் கல் வேண்டுமென்று தோண்டினார். சிற்பப் பலகைகள் கட்டடத்துக்குப் போயின, சுண்ணாம்புக்கும் எரிந்தன. இதை மறைத்துவிட்டு நாம் நியாயம் பேச முடியாது.

ஆனால் காப்பாற்றிய லட்சணத்தையும் பார்க்கணும். 1845இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டியெடுத்த கற்கள் சென்னைக்கு வந்து, வருஷக்கணக்கில் வெட்டவெளியில் வெயிலும் மழையும் தின்னக் கிடந்தன. 1859இல் 121 கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. அப்போது இங்கே துறைமுகம் ஏது? சரக்கெல்லாம் மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போகும். அந்தக் கனத்தோடு துடுப்புப் போட்டவர்கள் எங்கள் ராயபுரம் பக்கத்து ஆட்களாக இருக்கலாம் என்று எனக்கொரு நினைப்பு. சரி, இத்தனை பாடுபட்டுப் போனதை அங்கே எங்கே வைத்தார்கள்? 1867இல் ஜேம்ஸ் பெர்குசன் என்ற கட்டடக்கலை அறிஞர் அவற்றைக் கண்டுபிடித்தது ஒரு கோச்சுவண்டிக் கொட்டகையில்.

2015 வெள்ளத்தில் எங்கள் வியாசர்பாடி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அண்ணாநகர் அத்தை வந்து, பாட்டியின் குத்துவிளக்கைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துப்போனார். அன்றைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. தண்ணீர் வடிந்தது, விளக்கு வரவில்லை. இப்போது அவர் வீட்டு ஷோகேஸில், திரி போடாமல், பளபளவென்று நிற்கிறது. கேட்டால், ‘உங்ககிட்ட இருந்திருந்தா அண்டா மாதிரி இதையும் எடைக்குப் போட்டிருப்பீங்க’ என்பார். அண்டாவைப் போட்டது உண்மைதான், என் தம்பி வேலை.

எடுத்துப்போனதை நான் குறை சொல்லமாட்டேன். வெள்ளம் எடுத்துப்போகத்தான் காரணம், வைத்துக்கொள்ள அது போதாது. பிரிட்டிஷ் மியூசியத்தைக் கேட்டால் திருப்பித் தர 1963ஆம் வருஷச் சட்டம் விடாது என்பார்கள். அந்தச் சட்டமும் அவர்கள் ஊரில் போட்டதுதானே.

வேறு வழியும் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் காலமானபின் அவருடைய நூல் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. புத்தகங்கள் சென்னையிலேயே தங்கின, அவற்றைப் பக்கம் பக்கமாகப் பிடித்த நுண்படம் (மைக்ரோபிலிம்)தான் அமெரிக்கா போனது. கல்லை அப்படிப் படமெடுத்துத் தீர்க்க முடியாது என்பீர்கள். அப்படியானால் படத்தை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், உங்கள் மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அவள் எழும்பூரில் பார்த்ததும் ஆந்திரத்துக் கல்தான். அதையும் ஒருகாலத்தில் சுவரில் சிமென்ட் வைத்துப் பதித்திருந்தோம். ஆந்திரத்துக்காரர்கள் திருப்பிக் கேட்கும்போது நம் வாயிலும் ‘இங்கே பத்திரமா இருக்கு’ என்பதுதான் முதலில் வருகிறது. லண்டன் என்றால் சத்தம் போடுகிற நான், இங்கே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

போன பொங்கலுக்கு அத்தையிடம் மறுபடியும் விளக்கைக் கேட்டேன். ‘உங்க தெருவுல இன்னும் மழைக்குத் தண்ணி ஏறுதுல்ல?’ என்றார்.

ஏறுகிறதுதான்.