ஹிஸ்டோன் ஆராய்ச்சியில் நாட்டம் கொண்ட மகளின் தந்தைக்கு

ஐயா, வணக்கம். அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்ளும் ஏதோ ஒரு குழுவைப் பற்றிப் படித்துவிட்டு மகள் என்ன வேலைக்குப் போவாள் என்று கேட்டிருந்தீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த ‘ஏதோ ஒரு குழு’ செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால், அவளை எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மனித உயிரணு ஒன்றிலுள்ள டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள உட்கருவுக்குள் அது அடங்குவதற்காக, எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒவ்வொரு உருண்டையின் மீதும் சுமார் 147 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) வீதம் சுற்றப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோனின் வால்பகுதியில் லைசின் என்னும் அமினோ அமிலம் நிறைய உண்டு. அதன் நேர்மின்னூட்டம் டிஎன்ஏவின் எதிர்மின்னூட்டத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஒரு நொதி அந்த லைசினில் அசெட்டைல் என்னும் சிறு வேதிக்குழுவை ஏற்றினால் நேர்மின்னூட்டம் நீங்கிப் பிடி தளர்கிறது. அங்குள்ள மரபணுவைப் படியெடுக்க வழி பிறக்கிறது. லைசினில் ஏறக்கூடிய இன்னொன்றான மெத்தில் குழுவின் போக்கு வேறு. அது மின்னூட்டத்தை நீக்குவதில்லை. எந்தப் புரதம் அங்கே வந்து அமர வேண்டும் என்பதற்கு அடையாளமாக நிற்கிறது. ஹிஸ்டோன் வகைகளில் ஒன்றான ஹெச்3இன் 4ஆவது இடத்திலுள்ள லைசினில் மூன்று மெத்தில் குழுக்கள் இருந்தால் அது பெரும்பாலும் இயங்கும் மரபணுவின் தொடக்கம். அதே மூன்றும் 27ஆவது இடத்திலுள்ள லைசினில் இருந்தால் அடக்கப்பட்ட மரபணு.

இத்துறை மெதுவாக நகர்வது என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இந்த மாற்றங்கள் மரபணுக்களைக் கட்டுப்படுத்தக்கூடும் என்று விஞ்ஞானி வின்சென்ட் ஆல்ஃப்ரி எழுதியது 1964இல். அசெட்டைல் குழுவை ஏற்றும் நொதியை டேவிட் ஆலிஸ் குழுவினரும், நீக்கும் நொதியை ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழுவினரும் அடையாளம் கண்டது 1996இல். நீக்கும் நொதியைத் தடுக்கும் வோரினோஸ்டாட் என்னும் மருந்து, தோலைத் தாக்கும் ஒரு வகை லிம்ஃபோமா புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2006இல். ஆகவே, பட்டம் வாங்கிய மறு ஆண்டே நல்ல சம்பளம் வேண்டும் என்பது குடும்பத்தின் கட்டாயமானால், இப்போதே மகளிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள்; முனைவர் பட்டம் வரை போகாமல் இத்துறையில் தனித்து ஆய்வு நடத்துவது கடினம்.

போக முடியும் என்றால், படிப்பின் பெயரில் ‘எபிஜெனெடிக்ஸ்’ (டிஎன்ஏவின் எழுத்துகள் மாறாமலே மரபணுக்களின் இயக்கம் மாறுவதை ஆராயும் இத்துறையின் பெயர்) இருக்கிறது என்பதற்காக இளநிலையிலேயே அதில் சேர்த்துவிட வேண்டாம். வேதியியலோ உயிர்வேதியியலோ எடுத்து, கூடவே புள்ளியியலும் நிரல் எழுதுவதும் கற்கட்டும். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு லைசினில் அசெட்டைல் குழு ஏறினால் புரதத்தின் நிறை 42.011 டால்டன் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் அலகு) கூடும். மூன்று மெத்தில் குழுக்கள் ஏறினால் 42.047 டால்டன் கூடும். இந்த 0.036 வித்தியாசத்தைக் கவனிக்கத் தவறினால் ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிடுவோம். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமானிக் கருவியின் துல்லியத்தை அறிந்து, அது தரும் எண்களைக் கணினியில் அலசவும் தெரிந்தவருக்கு மருந்து நிறுவனத்திலும் நோயறி ஆய்வகத்திலும் இடமுண்டு, ஹிஸ்டோனையே பிறகு தொடாவிட்டாலும்கூட. குறுகிய பெயருள்ள பட்டம் இந்த வாசல்களில் சிலவற்றை முன்கூட்டியே சாத்திவிடும்.

சேர்வதற்கு முன் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் சில வாரங்கள் அவள் உடனிருந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஹிஸ்டோன் ஆய்வில், குறிப்பிட்ட ஒரு மாற்றத்தைத் தேடிப் பிடிக்கப் பயன்படுத்தும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒன்று தவறான லைசினைப் பற்றிக்கொண்டு பல நாள் உழைப்பைப் பாழாக்குவது வழக்கமாக நடப்பது. அப்படியொரு நாளின் மாலையில் வீடு திரும்பியவள் சோர்ந்து படுக்கிறாளா, எந்த எதிர்ப்பொருள் சரியாக இருந்திருக்கும் என்று தேடுகிறாளா என்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள். விண்ணப்பங்களை அப்போது நிரப்பலாம்.