பகல் பத்து மணிக்கு வரும் அமுக்குவான்

வணக்கம் ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 24. விசைத்தறி ஓட்டுகிறேன். ராத்திரி எட்டு மணிக்குப் போனால் காலை எட்டு மணிக்குத்தான் இறங்குவேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் படுப்பேன். போன தை மாதம் என் தாத்தா இறந்துபோனார். அவர் படுத்திருந்த உள் அறையில், அவருடைய கயிற்றுக் கட்டிலில்தான் இப்போது நான் தூங்குகிறேன்.

சித்திரையிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இது நடக்கிறது. படுத்துக் கொஞ்ச நேரத்தில், பத்து மணி வாக்கில் முழிப்பு வந்துவிடும். ஜன்னல், காலண்டர், ஃபேன் எல்லாம் தெரியும். ஆனால் கை, கால் எதையும் அசைக்க முடியாது. நெஞ்சின் மேல் பாறாங்கல்லை வைத்தது போல இருக்கும். கால்மாட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். காதுக்குள் தறி ஓடுகிற சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் தறியே கிடையாது. அடுத்த அறையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடுவேன், சத்தம் வராது.

தாத்தாதான் வருகிறார் என்கிறார் அம்மா. ஆடியில் தாயத்துக் கட்டினோம். பண்டிகைக்குத் தறியை நிறுத்தியிருந்தார்கள், வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அந்தப் பத்து நாளும் ஒன்றும் வரவில்லை. அப்புறம் பழையபடி ஆரம்பித்துவிட்டது. இப்போது ஒருவர், ஆவியைக் கட்ட வேண்டும், 15,000 ரூபாய் ஆகும், கட்டிலையும் வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும் என்கிறார். படித்த என் மாமா மகனோ மனப்பிரமை என்று சிரிக்கிறான். நான் பயந்தவன் இல்லை ஐயா. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்று சொல்வது? பேய் இல்லை என்றால் ஊர் உலகத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏன் நடக்கிறது? என் பெயரைப் போட வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் பார்த்ததை இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பார்த்தீர்கள். பாரத்தையும் உணர்ந்தீர்கள். உங்கள் மாமா மகன் சிரித்தது தவறு. நெஞ்சில் பாறாங்கல்லோடு கிடப்பவனிடம் பிரமை என்று சொன்னால் பாரம் இறங்கிவிடாது. அதற்கப்புறம் அவன் யாரிடமும் வாய் திறக்க மாட்டான், அவ்வளவுதான்.

எனக்கும் அது வந்திருக்கிறது. 1986-ல் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். தங்கியது ஒரு காப்பித் தோட்டத்து வீட்டின் பின்னறை. தேர்வுக்குப் படிக்கிறேன் என்று ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருப்பேன், ஐந்து மணிக்கெல்லாம் குளிர் எழுப்பிவிடும். அப்படி ஒரு விடிகாலையில் கண் திறந்தால் வாசற்படியில் ஈரத்தலையோடு ஒரு பெண் நிற்கிறாள். நடந்து வரவில்லை, நகர்ந்து வந்தாள். வந்து என் நெஞ்சில் கையை ஊன்றினாள். மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. விரல் ஒன்று அசைந்தது, அவள் இல்லை. வெளியே பனிமூட்டம். உடம்பெல்லாம் வியர்வை.

வீட்டுக்கார அம்மா நல்லவர். தலையணைக்கு அடியில் அரிவாளை வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் மறுபடி வந்தாள். அதற்கப்புறம் படுக்கவே பயந்து விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கம் இன்னும் குறைந்தது, அவள் இன்னும் அடிக்கடி வந்தாள். அந்தப் பெண் யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊரில் இதை அமுக்குவான் என்கிறோம். மருத்துவத்தில் ஸ்லீப் பராலிசிஸ். அந்தப் பெயர் 1928-லிருந்து இருக்கிறது. நடப்பது இதுதான். நாம் தூங்கும்போது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை மூளை கனவு காணும் கட்டத்துக்குள் போகிறது. மூடிய இமைக்குள் விழி அங்குமிங்கும் ஓடும் அந்தக் கட்டத்தை 1953-ல் சிகாகோவில் கண்டுபிடித்தார்கள். ரெம் தூக்கம் என்பது அதுதான். அந்த நேரத்தில் மூளைத் தண்டு உடம்பின் தசைகளைப் பூட்டிவிடுகிறது. விழியை அசைக்கும் தசையும் மூச்சுக்கு முக்கியமான உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும், மற்றதெல்லாம் துவண்டு கிடக்கும்.

பூட்டு எதற்கு? பிரான்சில் மிஷெல் ஜூவே என்ற விஞ்ஞானி பூனைகளின் மூளைத் தண்டில் அந்த இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையைப் பதுங்கிப் பாய்ந்து வேட்டையாடின. மனிதர்களிலும் பூட்டு சரியாக விழாத சிலர் உண்டு. கனவில் சண்டை போட்டு, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுவார்கள். ஆக, பூட்டு நம்மைக் காப்பாற்றத்தான் இருக்கிறது.

உங்களுக்கு நடப்பது பூட்டு திறப்பதற்குள் முழிப்பு வந்துவிடுவது. ஜன்னலும் காலண்டரும் தெரிவது நிஜம், நீங்கள் விழித்துத்தான் இருக்கிறீர்கள். ஆனால் கனவு இன்னும் ஓய்ந்திருக்காது. கண் காட்டும் அறையின் மேலேயே கனவும் ஓடுகிறது. ஒரே பாவில் இரண்டு ஊடை ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுப் பாரத்துக்கும் காரணம் உண்டு. அப்போது விலா எலும்புத் தசைகள் துவண்டிருப்பதால் உதரவிதானம் மட்டும் மெல்ல மூச்சு இழுக்கிறது. பயத்தில் நீங்கள் பெருமூச்சு விடப் பார்க்கிறீர்கள், நெஞ்சு விரிய மறுக்கிறது. யாரோ அழுத்துகிறார்கள் என்றுதான் அதை மூளை புரிந்துகொள்ளும். தறிச் சத்தத்துக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? இரைச்சலும் ரீங்காரமும் கேட்பது இதில் சகஜம். பன்னிரண்டு மணி நேரம் தறிக்கு நடுவில் நின்றுவிட்டு வந்த காதுக்கு அது தறியாகத்தான் கேட்கும்.

இன்னொன்று. பேய் என்றால் நடுச்சாமத்தில்தானே வர வேண்டும்? உங்களுக்குப் பகல் பத்து மணிக்கு வருகிறது. கடிதத்தைப் படித்ததும் என் மனம் அங்கேதான் நின்றது. நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ரெம் தூக்கத்தை விடியற்காலையிலும் காலையிலும்தான் அதிகமாக வைத்திருக்கிறது. ராத்திரி முழுக்க விழித்துவிட்டு அந்த நேரத்தில் போய்ப் படுத்தால், ஆழ்ந்த தூக்கத்தில் நிதானமாக இருந்துவிட்டு வர வேண்டியவர், சீக்கிரமே கனவுக்குள் விழுகிறீர்கள். வெளியே வெயில், பக்கத்துத் தெருவில் ஸ்பீக்கர், வாசலில் காய்கறி வண்டி. பாதியில் முழிப்பு வருகிறது, பூட்டு அப்படியே இருக்கிறது. முறை மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு இது கூடுதலாக வருவதை ஆய்வுகளும் பார்த்திருக்கின்றன.

உலகம் முழுக்க ஒரே மாதிரி ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஜப்பானில் இதற்குக் கனாஷிபாரி என்று பெயர், இரும்பால் கட்டிப்போட்ட மாதிரி என்று பொருள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து உட்காருகிறாள். எகிப்தில் ஜின் எனும் ஆவி. உட்காருபவர் ஊருக்கு ஊர் மாறுகிறார், நெஞ்சும் பாரமும் அசையாத கைகாலும் மாறவில்லை. ஏனென்றால் மூளைத் தண்டு எல்லோருக்கும் ஒன்றுதான். 1664-ல் டீமர்புரூக் என்ற டச்சு மருத்துவர் 50 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ராத்திரியில் தூங்கப் போகும்போது, சில நாள் பிசாசு தன்மேல் படுத்து அழுத்துவதாக அந்தப் பெண் சொன்னார். சில நாள் அது பெரிய நாய், சில நாள் திருடன். ஒரே பெண், ஒரே படுக்கை, மூன்று உருவம். எனக்கு எல்லா விளக்கங்களையும்விட இந்த ஒரு பெண்ணின் கதைதான் தெளிவைக் கொடுத்தது. பாரம் முதலில் வருகிறது. யார் என்பதை நம் பயம் அப்புறம் நிரப்புகிறது.

இது அபூர்வமும் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து, 36,000 பேருக்கு மேல் கணக்கெடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். பொதுமக்களில் 100 பேருக்கு ஏழெட்டுப் பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களில் அது 28 பேர். தூக்கத்தை வெட்டிப் படிப்பவர்கள் அவர்கள்தானே.

இதை வேண்டுமென்றே வரவழைத்தும் பார்த்திருக்கிறார்கள். 1992-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலரை ஆய்வகத்தில் தூங்கவைத்து, நடுவில் எழுப்பி, கொஞ்ச நேரம் விழித்திருக்கச் செய்து, மறுபடி தூங்கவிட்டார்கள். அதில் சிலருக்கு அமுக்குவான் வந்தது. மூளை விழிப்பின் அலைகளைக் காட்டியது, தசை மட்டும் பூட்டியே இருந்தது. அந்த அறையில் யாரும் இறந்திருக்கவில்லை. தூக்கத்தை உடைத்தார்கள், அது போதுமானதாக இருந்தது.

இப்போது தாயத்துக்கு வருகிறேன். பத்து நாள் ஒன்றும் வரவில்லை என்கிறீர்கள். அதற்கு முந்தின வரியில், பண்டிகைக்குத் தறியை நிறுத்தியிருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நாளும் எப்போது தூங்கினீர்கள்? ராத்திரியில், சொந்தக்காரர்களோடு வரிசையாகப் பாய் விரித்து. சரிதானே? அப்புறம் தறி ஓடத் தொடங்கியது, பகல் தூக்கம் திரும்பியது, அவரும் திரும்பினார். தாயத்து அப்போதும் உங்கள் கையில்தான் இருந்தது.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும். படுக்கும் முன் அவர் நெற்றியில் திருநீறு பூசினால் பூசிக்கொள்ளுங்கள், மனசு அமைதியாகத் தூங்குவது இதற்கு நல்லதுதான். ஆனால் அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அது உங்கள் எத்தனை ராத்திரி உழைப்பு! பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. அந்த ஆள் உங்கள் பயத்தை உறுதிப்படுத்திவிட்டுப் போவார். எகிப்திலும் டென்மார்க்கிலும் இதை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இதை ஜின்னின் வேலை என்று பலரும் நம்பும் எகிப்தில் சாவு பயம் அதிகமாக இருந்தது, உடம்பு அசையாமல் கிடந்த நேரமும் அதிகம் என்று மக்கள் சொன்னார்கள். பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் அடுத்த தடவையை அழைத்து வருகிறது. விளக்கை எரியவிட்டு நான் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் அப்படிப்பட்டவை.

தாத்தா விஷயம்தான் எனக்கு மனசைப் பிசைகிறது. இறந்து ஓராண்டு ஆகவில்லை. அவர் அறை, அவர் கட்டில், அவர் நினைப்பு. கால்மாட்டில் ஓர் உருவம் தேவைப்பட்டபோது உங்கள் மனம் அவரை எடுத்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? நாகலூரில் என் நெஞ்சில் கை ஊன்றியவள், கிணற்றில் விழுந்து இறந்த ஒரு பெண். நான் அந்த அறைக்குக் குடிவந்த வாரம் வீட்டுக்கார அம்மா அவள் கதையைச் சொல்லியிருந்தார். எப்படி இருப்பாள் என்று நானே கற்பனை செய்திருந்தேன், அப்படியே வந்தாள். அவள் உயிரோடு இருந்தபோது யாருக்கு என்ன கெடுதல் செய்தாள்? உங்கள் தாத்தாவும் அப்படித்தான். அவரை ஆவியாக்கி, கட்டிப்போட வேண்டிய எதிரியாக்கும் பேச்சை வீட்டில் அனுமதிக்காதீர்கள். துக்கம் இருந்தால் அம்மாவும் நீங்களும் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுங்கள், அழுங்கள்.

அடுத்த தடவை வரும்போது முரண்டு பிடித்து எழப் பார்க்க வேண்டாம். ஒரு சில நொடியிலோ, சில நிமிடத்திலோ பூட்டு தானாகத் திறந்துவிடும். மூச்சு நிற்காது, இதனால் உயிர் போகாது. சின்ன மூச்சாக விட்டுக்கொண்டு, கால் கட்டைவிரலையோ நாக்கையோ மட்டும் அசைக்கப் பாருங்கள். எனக்கு விரல்தான் உதவியது. தூக்கத்தில் முனகல் கேட்டால் தோளைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி அம்மாவிடம் சொல்லிவையுங்கள். பல பேருக்குத் தொட்டதுமே விட்டுவிடும். ஜன்னலுக்குக் கெட்டியான துணி போடுங்கள். விடியற்காலை நான்கு மணி டீயை விடுங்கள். லீவு நாளிலும் தூங்கும் நேரத்தை ரொம்ப மாற்றாதீர்கள். முதலாளியிடம் பகல் ஷிஃப்ட் கேட்டுப் பாருங்கள், முடிந்தால் அதுதான் உண்மையான மருந்து.

இவ்வளவும் செய்து ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காட்டுங்கள். நன்றாகத் தூங்கியும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, பலமாகச் சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து மடிந்தாலோ, குறட்டை நடுவில் நின்று மூச்சுத் திணறினாலோ ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். அவற்றுக்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

கட்டிலை வெளியேற்றாதீர்கள். பழைய கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்திருக்கும், அதில் ஒருக்களித்துப் படுக்க வராது, உடம்பு மல்லாந்துதான் விழும். மல்லாந்து படுப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதுக் கயிறு போட்டு இறுக்கிப் பின்னுங்கள். அதுவரை பாயில் ஒருக்களித்துத் தூங்குங்கள். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.