காம்ரேட்ஸ் இறக்க ஓட்டத்தில் முன்தொடை மட்டும் ஏன் இப்படி அடிவாங்குகிறது?

காம்ரேட்ஸ் என்பது தென்னாப்பிரிக்காவில் நடக்கும் நெடுந்தொலைவு ஓட்டப் பந்தயம்; அதன் திசை பொதுவாக ஆண்டுக்கு ஆண்டு மாறும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கி ஓடும் ஆண்டில் மூச்சு நன்றாக இருக்கிறது, முன்தொடை மட்டும் விட்டுப்போகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறக்கத்தில் கால் ஊன்றும் ஒவ்வொரு தடவையும் முழங்கால் மடங்குகிறது; முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. இதற்கு ஆக்சிஜன் குறைவாகவே செலவாகும், அதனால்தான் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் குறைவான இழைகளே முழுச் சுமையையும் தாங்குவதால் அவற்றுக்குள் நுண்ணிய கிழிசல் உண்டாகிறது. வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும்.

மிதமான ஒரே ஒரு இறக்கப் பயிற்சிகூட அடுத்த சில வாரங்களுக்குத் தசையைக் காக்கும். பலர் தவறவிடுவது இதைத்தான். வாரம் ஒருமுறை, 10 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். கடைசிப் பயிற்சி பந்தயத்துக்கு 2, 3 வாரம் முன்னதாக இருக்கட்டும். இறக்கத்தில் காலடிகள் குட்டையாக இருக்க வேண்டும், நீட்டி வைத்தால் பிரேக் கூடும்.

வீட்டில் 15 செ.மீ. படியிலிருந்து ஒற்றைக்காலில் 3 விநாடி எடுத்து இறங்குங்கள், 8 தடவை, 3 சுற்று. முழங்கால் உள்ளே சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள்.

ஓட்டத்தின்போது ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கெடுதல். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.